காலிக் கூட்டில் மிச்சம் பிடிக்க முடியுமா? ஒரு மேலூர்க்காரரின் தோட்டாக் கணக்கு

மேலூர் பக்கம் அரிசி ஆலை நடத்துகிற ஒருவர் எனக்குப் பத்துப் பதினைந்து வருடப் பழக்கம். ஆலைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அவரிடம் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதற்கான உரிமமும் இருக்கின்றன. காவலுக்காக வாங்கியது இல்லை, போட்டிக்காக. பறக்கும் தட்டைச் சுடுகிற டிராப் பிரிவில் மாநில அளவில் பேர் வாங்கவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான மைதானம் தேடி மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை புதுக்கோட்டைக்கு வண்டி எடுக்கிறார். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக டிராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமானின் ஊர் அது. இந்த விளையாட்டில் இறங்குகிற தென்மாவட்டத்து ஆட்களுக்கு அந்த ஊரை விட்டால் அவருக்குத் தெரிந்து பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லை.

அவர் என்னிடம் கொண்டுவந்த பிரச்சினை சின்னதுதான். "அண்ணே, சுடுறது ஒரு செகண்டு, செலவு பெருஞ்செலவு. வெளிநாட்டுல காலித் தோட்டாவுல திரும்ப மருந்து போட்டுச் சுடுறாய்ங்க. பாதி வெலைல முடிஞ்சிருமாம். நம்மளும் மிஷின் ஒண்ணு தருவிச்சா என்ன?" அவர் போனில் அந்த வீடியோவும் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் தன் கார் ஷெட்டில் நெம்புகோல் வைத்த ஒரு கருவியை இழுத்து இழுத்து நிமிடத்துக்கு நாலைந்து தோட்டா தயார் செய்கிறார். பார்க்க முறுக்கு அச்சில் மாவு பிழிகிற மாதிரி லேசாக இருக்கிறது.

செலவைக் குறைக்க ஒரு இயந்திரம் வாங்கலாமா என்ற கேள்வி ஆலைக்காரரிடமிருந்து வந்தால், நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: ஒரு உருப்படிக்கு என்ன விழுகிறது என்று பிரித்துப் போடுவது. இங்கேயும் அதைத்தான் செய்தோம்.

அமெரிக்கக் கணக்கு

அவருடைய 12 போர் துப்பாக்கி ஷாட்கன் வகை. அதன் தோட்டாவில் ஐந்து பாகங்கள். பிளாஸ்டிக் குழாயும் அடியில் உலோகத் தொப்பியும் சேர்ந்த கூடு, தொப்பியின் நடுவில் இருந்து, ஊசி அடித்ததும் தீப்பற்றும் கேப், ரவையை உந்தித் தள்ளும் புகையில்லா மருந்து, அதன் மேல் வாட் என்கிற பிளாஸ்டிக் அடைப்பு, அடைப்புக்குள் ஈய ரவை. கூட்டின் வாயை நட்சத்திரம் போல மடித்து அழுத்தி மூடியிருப்பார்கள். சுட்டபின் கையில் திரும்பக் கிடைப்பது கூடு மட்டும்தான். மற்ற நாலையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கியாக வேண்டும். நம்மவர் போட்ட பாதி விலைக் கணக்கு இந்த இடத்திலேயே ஆட்டம் காண ஆரம்பித்தது.

பந்தயத் தோட்டாவில் 24 கிராம் ரவை. சர்வதேச விதிப்படி 24.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் ரவை 25 பவுண்டு மூட்டையாக விற்கிறது, அதாவது 11.34 கிலோ. ஒரு மூட்டையில் சுமார் 470 தோட்டா தேறும். மூட்டை 50 டாலர் என்று வைத்தால் ஒரு தோட்டாவின் ரவைக்கு 10 சென்ட்டும் கொஞ்சமும். மருந்து ஒரு பவுண்டு வாங்கினால் 350 முதல் 400 தோட்டா வரை வரும். இப்போதைய விலையில் அது தோட்டாவுக்கு 9 சென்ட் பக்கம். வாட் 2, 3 சென்ட். கேப்புதான் பெரிய கூத்து. 2020-க்கு முன் ஆயிரம் கேப் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. கொரோனாக் காலத்தில் 80-ஐத் தாண்டி, பல இடங்களில் 100-ஐயும் தாண்டியது. அதற்கப்புறம் இறங்கினாலும் பழைய விலைக்கு வரவே இல்லை. எட்டு சென்ட் என்று போட்டுக்கொண்டோம்.

கூட்டினால் 30 சென்ட்டைத் தாண்டுகிறது. அதே ஊரில் 25 தோட்டா அடங்கிய ஃபேக்டரி பெட்டி 9, 10 டாலருக்குக் கிடைக்கிறது, அதாவது தோட்டா 36 முதல் 40 சென்ட். மிச்சம் சராசரியாக எட்டு சென்ட். நல்ல கருவியும் தராசும் சேர்த்து 400 டாலர் என்றால், போட்ட முதலை எடுக்கவே 5,000 தோட்டா செய்தாக வேண்டும். ஆலைக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த வீடியோக்காரன் சொல்ற பாதி வெலை?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பேசுவது ரைஃபிள் தோட்டாவைப் பற்றி. ரைஃபிள் தோட்டாவில் விலை கூடிய பாகமே பித்தளைக் கூடுதான். அது பல தடவை திரும்பப் பயன்படும் என்பதால் அங்கே மிச்சம் கணிசமாக இருக்கும். ஷாட்கன் தோட்டாவில் கூடு மலிவு, எரிந்து பறந்து போகிற பாகங்கள்தான் விலை. ஒரே வேலை மாதிரித் தெரிகிற இரண்டுக்கும் கணக்கு நேர் எதிர். நம்மவர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தார்.

ஈயத்தையும் கவனிக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் லண்டன் சந்தையில் ஒரு டன் ஈயம் 500 டாலரை ஒட்டி இருந்தது. 2007 இறுதியில் 4,000 டாலரைத் தொடப் போனது. இன்றைக்கு 2,000 டாலரை ஒட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. உலக ஈயத்தில் பெரும்பங்கை வண்டி பேட்டரிதான் விழுங்குகிறது. தோட்டாக்காரர்கள் அந்தச் சந்தையில் மூலையில் நின்று வாங்குகிற ஆட்கள். பேட்டரிக்காரன் கொடுக்கும் விலைதான் இவர்களுக்கும் விலை.

கடைப் பேரேடு

விலையை இவ்வளவு தூரம் அலசிய பிறகு, ஆலைக்காரரின் உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. அவர் உரிமப் புத்தகத்தின் பின்பக்கங்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை தோட்டா வாங்கும்போதும் கடைக்காரர் தேதி, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட பக்கங்கள் அவை. வரிசையாகப் படித்தால் வாங்கிய அளவுகளில் ஒரு ஒழுங்கே இல்லை. ஒரு மாதம் இருநூறு, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை, திடீரென்று ஐந்நூறு, மறுபடி வெறுமை. பயிற்சி நாட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது போட்டிக்கு முந்தைய வாரங்களில்தான் பெரும்பாலும் தோட்டா கிடைக்காமல் போயிருந்தது.

கடைக்காரர் வயதானவர், அளந்துதான் பேசுவார். "தம்பி, வெலையக் கேக்குறீங்க. மொதல்ல சரக்கு வரட்டும், வெலைய அப்புறம் பேசுவோம்" என்றார். அவர் பேரேட்டில் தோட்டாப் பக்கம் காவல்துறைத் தணிக்கைக்குத் தயாராக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. வரவுப் பக்கத்தில் இரண்டு வரவுக்கு நடுவே விழுந்த இடைவெளிகளைப் பார்த்தால் யாரும் அவரிடம் விலை பேரம் பேச மாட்டார்கள்.

இந்தியாவில் 12 போர் தோட்டா என்றதும் நினைவுக்கு வருவது புனே பக்கத்துக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை. 1869-இல் தொடங்கியது. நம் ஊர்க் கடைகளில் 'கே.எஃப்.' என்று சொன்னாலே போதும். 2021 அக்டோபர் 1 முதல் பாதுகாப்புத் துறையின் பழைய ஆர்டினன்ஸ் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, வெடிமருந்துப் பிரிவுகள் முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பெயரில் வந்தன. தனியார் சிலரும் இப்போது உரிமம் பெற்று இறங்கியிருக்கிறார்கள். ஆனாலும் மதுரைக் கடை அலமாரிக்கு வந்து சேரும் சரக்கு நீளமான, குறுகலான ஒரே குழாய் வழியாகத்தான் வருகிறது. ராணுவம், துணை ராணுவம், போலீஸ் ஆகியோரின் ஆர்டர்கள் முன்னால் நிற்கும், உரிமக்காரன் பின்னால்.

இதில் ஒரு வேடிக்கை. புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதைப் பருத்தி விதையோடு ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து செய்கிறார்கள். பஞ்சாலை ஊர் என்று பெயர் வாங்கிய மதுரையைச் சுற்றிப் பருத்திக்குக் குறைவில்லை. மருந்து காய்ச்சும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நீலகிரியில், நூறு வருடத்துக்கு மேல் பழசு. துப்பாக்கி செய்கிற தொழிற்சாலை திருச்சியில். இத்தனையும் தமிழ்நாட்டிலேயே இருக்க, தோட்டா மட்டும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தாக வேண்டும். உக்ரைன் போருக்குப் பிறகு உலகமே பீரங்கிக் குண்டுக்காக நைட்ரோசெல்லுலோஸைத் தேடியது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் சீனப் பஞ்சை நம்பியிருந்தது அப்போதுதான் வெளியே பேச்சானது. அமெரிக்காவில் வீட்டில் தோட்டா கட்டுகிறவர்களுக்குப் பல மருந்து வகைகள் கடையிலிருந்தே மறைந்தன. அவர்கள் கருவியும் கூடும் கேப்பும் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்குக் காத்திருந்தார்கள். சுயமாகக் கட்டினால் தட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான் நம்மவரின் இரண்டாவது நம்பிக்கை. அது அங்கேயே பலிக்கவில்லை. ஒரு பொருளுக்குக் காத்திருப்பதற்குப் பதில் நாலு பொருளுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இதை இப்போது சொன்னாலும் முதலில் பார்த்தது இதைத்தான். 1959 ஆயுதச் சட்டம் 'அம்யூனிஷன்' என்பதை வரையறுக்கும்போது தோட்டாவோடு நிற்பதில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும் அந்த வரையறைக்குள்ளேயே வருகின்றன. அதாவது அந்த வீடியோவில் பார்த்த நெம்புகோல் கருவி இந்தியச் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் இரும்புச் சாமான் அல்ல. தயாரிப்புக்குப் பிரிவு 5-இன்படி உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப் பிரிவு 10-இன்படி தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் இந்த இரண்டுக்கும் ஈடாகாது. உரிமமில்லாத் தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. மருந்தைத் தனியாக வாங்கி வைப்பதென்றால் 1884 வெடிபொருள் சட்டமும் நாக்பூரில் தலைமையிடம் கொண்ட, வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பும் தனிக் கதை.

கூரியரில் போட்டு வரவழைத்துவிடலாம் என்று ஆலையில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் காதில் விழுந்ததும் அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "எழுத்துல பர்மிஷன் கையில இல்லாம ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீங்க. கஸ்டம்ஸ்ல பார்சலப் பிரிச்சா முதல்ல போறது உங்க லைசென்ஸ்தான்." என் பங்குக்கு நான் சேர்த்தது: எட்டு சென்ட் மிச்சத்துக்கு ஏழு வருடத்தைப் பணயம் வைக்கிற வியாபாரம் எந்தப் பேரேட்டிலும் நிற்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையால் மருந்து போட்டுச் சுடுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மலையடிவாரத்து விவசாயிகள் சிலரிடம் பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது; வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கிற வகை. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே பயிர்ப் பாதுகாப்புக்கான அந்த வகைத் துப்பாக்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைக் காட்டி, "அவுங்க போடலாம், நான் போடக்கூடாதா?" என்றார் நம்மவர். அதில் போடுவது கரிமருந்து, அழுத்தம் குறைவு. புகையில்லா மருந்து அடைத்த தோட்டாவின் அழுத்தம் வேறு ஜாதி. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் குழல் வெடித்து விரலோடு போகும்.

அதே காரணத்துக்காக இன்னொரு பேச்சையும் அங்கேயே நிறுத்தினோம். ஆலையில் ஒருவர் சாவகாசமாக, "அங்கிட்டுச் சிவகாசி கெடக்கு, மருந்துக்கா பஞ்சம்?" என்றார். பட்டாசு மருந்து ஒரே மூச்சில் வெடிப்பதற்காகச் செய்தது. தோட்டா மருந்து குழல் நீளம் முழுக்கச் சீராக எரிந்து தள்ளுவதற்காகச் செய்தது. முன்னதை இரண்டாவதன் இடத்தில் வைத்தால் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, குண்டு. சொன்னவர் நல்ல மனிதர்தான். ஆனால் இந்த மாதிரி ஆலோசனைகள் டீக்கடையோடு நிற்பதில்லை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

காலிக் கூடுகள் என்ன ஆயின?

ஆலைக்காரர் கணக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து சுட்ட கூடுகளை ஒரு சாக்கில் சேர்த்துவந்தார். பித்தளைக்காவது விலை வருமே என்று அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைப் பையன் ஒரு கூட்டை எடுத்து, அடித் தொப்பியில் காந்தத்தை வைத்தான். ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, அதுவும் ஒட்டிக்கொண்டது. பார்வைக்குப் பித்தளை; உள்ளே இரும்புத் தகடு, மேலே முலாம். மலிவுத் தோட்டாக்களில் இது சாதாரணம். பிளாஸ்டிக் குழாயோடு சேர்ந்த இரும்பை யார் பிரித்துக்கொண்டிருப்பது? பையன் சாக்கை எங்கள் பக்கமே தள்ளிவிட்டான்.

உண்மையில் அந்தக் கூடுகள் திரும்ப நிரப்பவும் தோதானவை அல்ல. வாயில் மடிப்பு விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் மெலிந்து, சிலதில் நகம் பட்டாலே கீறல் விழுந்தது. நல்ல பந்தயக் கூடுகளை ஏழெட்டுத் தடவை நிரப்புகிறார்கள். இவற்றில் இரண்டாவது தடவையே சந்தேகம்.

ரைஃபிள் பித்தளையிலும் இதைப்போல ஒரு சிக்கல் உண்டு. கேப் பொருத்தும் முறையில் பாக்ஸர், பெர்டான் என்று இரண்டு. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசியை விட்டால் பழைய கேப் வெளியே விழும். பெர்டானில் ஓரமாக இரண்டு துளை. அந்த ஊசி அங்கே வேலை செய்யாது. பாக்ஸர் ஆங்கிலேயர், ஆனால் அவர் முறை அமெரிக்காவில் ஓடுகிறது. பெர்டான் அமெரிக்கர், அவர் முறை மற்ற நாட்டு ராணுவத் தயாரிப்புகளில் ஓடுகிறது. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஒற்றைத் துளைதான்.

மாற்றியது என்ன

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிக்கை, துப்பாக்கி சுடும் வீரர்களுக்கான ஆண்டுப் பயிற்சி வரம்பை ஷாட்கன்னுக்கு 500-லிருந்து 5,000 ஆக உயர்த்தியது. நம்மவரின் பிரச்சினை வரம்பு இல்லை. வரம்புக்குள் கிடைக்கிற சரக்கை எப்போது, எப்படி வாங்குவது, எப்படிச் செலவழிப்பது என்பதுதான். அதனால் இயந்திரத்தைக் கைவிட்டு இந்த இரண்டு பக்கமும் கை வைத்தோம்.

முதலில் செலவழிப்பது. டிராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். முதலாவது தவறினால் இரண்டாவது. அவர் குறிப்பேட்டைப் பார்த்தால் நாலு தட்டுக்கு ஒரு இரண்டாவது தோட்டா போயிருந்தது. அதாவது தட்டுக்கு ஒன்றேகால். ஆண்டு ஒதுக்கீடு முழுக்கக் கையில் இருந்தாலும் 5,000 தோட்டாவுக்கு 4,000 தட்டுதான். பயிற்சியாளர் ஒருவர் சொல்லி, வாரநாள் பயிற்சியில் இரண்டாவது குழலை ஏற்றாமலே சுட ஆரம்பித்தார். தவறினால் தவறியதுதான். போட்டிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் பழையபடி இரண்டு. நாங்கள் போட்ட அமெரிக்க ஷாட்கன் கணக்கில் ஒரு தோட்டாவுக்கு மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்கு. இங்கேயும் ஏறக்குறைய அதே ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது, ஒரு ரூபாய் முதல் போடாமல். அவருக்கு இதில் ஆரம்பத்தில் திருப்தி இல்லை. இயந்திரம் வாங்க நினைத்து வந்தவரிடம் பழக்கத்தை மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

வாங்கும் பக்கம். தோட்டா வாங்காத மாதங்களைக் குறித்துப் பார்த்ததில் மிகப் பெரிய ஓட்டை ஒரு தேர்தல். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-இல் நடத்தை விதி வந்தது; தமிழ்நாட்டில் ஓட்டு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நம் வாக்குப்பதிவு முடிந்தாலும் விதி ஜூன் முதல் வாரம் வரை தொடர்ந்தது. அந்தக் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். போட்டி வீரர்கள் விலக்கு கேட்டு மனுக் கொடுக்கலாம், இவர் கொடுக்கவில்லை. இரண்டரை மாதம் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் வாங்கவில்லை. திரும்பி வந்தபோது கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டு நிற்க, சரக்கு தீர்ந்திருந்தது. அந்த வருடம் அவர் கொடுத்த உண்மையான விலை தோட்டாப் பெட்டியில் அச்சிட்டது அல்ல. தவறவிட்ட மாநிலப் போட்டி.

இப்போது அவரும் அதே விளையாட்டில் இருக்கும் மூன்று பேரும் சேர்ந்து, ஆறு மாதத் தேவையைக் கடைக்காரரிடம் எழுத்தில் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அவரவர் உரிமத்தில்தான் வாங்குகிறார்கள். ஒருவர் வாங்கி மற்றவருக்குக் கொடுப்பது குற்றம் என்பதில் கடைக்காரர் ரொம்பக் கறார். அவருக்கும் இதில் லாபம் உண்டு: எத்தனை பெட்டி போகும் என்று தெரிந்தால் அவரும் மேலே தைரியமாக ஆர்டர் போடுவார். விலை குறையவில்லை. இடைவெளி குறைந்திருக்கிறது. தேர்தல் விலக்கு மனுவை இனி அறிவிப்பு வருமுன்பே தயார் செய்து வைப்பது என்றும் முடிவு.

இந்தக் கணக்கைக் கேள்விப்பட்டு, பாயிண்ட் டூ டூ ரைஃபிள் சுடும் இன்னொருவர் தன் தோட்டாவுக்கும் இதே மாதிரி ஒரு தாள் போட்டுத் தரச் சொன்னார். அந்தத் தோட்டாவில் தனிக் கேப்பே கிடையாது. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கியதும் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. நிரப்புவது பற்றிப் பேச அங்கே ஒன்றும் இல்லை. அவருக்கு நான் சொன்னது, நிலையும் மூச்சும் பழகும் பயிற்சியை உரிமம் தேவைப்படாத பாயிண்ட் 177 ஏர் ரைஃபிளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உண்மைத் தோட்டாவைப் போட்டி தூரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. பெல்லட் டப்பா விலையை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.